போரிட்டதை ஊரே அறியும், பென்ஷன் மட்டும் இல்லை: அமெரிக்க எல்லைப்புற மிலிஷியாக்காரர்களின் மனுக்கள் எங்கே சிக்கின?

2025 ஜனவரியில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வேண்டுகோள் ஒன்று செய்திகளில் பரவலாக அடிபட்டது. எழுத்துகளைச் சேர்த்துச் சுழித்து எழுதும் பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள், காப்பகத்தின் பக்கங்களைப் படித்துத் தட்டச்சில் ஏற்றித் தர வேண்டும் என்று அது கேட்டிருந்தது. அப்படித் தன்னார்வலர்கள் கையில் போன தொகுதிகளில் பெரியது, 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரின் வீரர்களும் அவர்களுடைய விதவைகளும் போட்ட பென்ஷன் மனுக்கள். சுமார் 80,000 கோப்புகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்.

இந்தக் கோப்புகளைத் திறப்பவர்களுக்குச் சீக்கிரமே ஒரு குழப்பம் வருகிறது. எல்லைப்புறக் கோட்டை ஒன்றில் நான்கைந்து கோடைகள் காவல் இருந்ததாக ஒரு கிழவர் சத்தியம் செய்கிறார். கூடவே இருந்த இன்னொருவர் ஆமாம் என்கிறார். பாதிரியார் நற்சான்று தருகிறார். நீதிபதிகளும் நம்புவதாக எழுதுகிறார்கள். ஆனால் கோப்பின் மேல் ‘நிராகரிப்பு’ என்று எழுதியிருக்கிறது. அடுத்த கோப்பில் மூன்று முறை படையோடு போய்வந்த ஒருவருக்குச் சாகும்வரை பென்ஷன். யார் அதிகம் கஷ்டப்பட்டார், யார் அதிக நாள் துப்பாக்கியோடு நின்றார் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சட்டம் எதைப் ‘போர்ச்சேவை’ என்று ஏற்றுக்கொண்டது என்பதில்தான் விடை இருக்கிறது. அதற்கு அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில் பென்ஷன் யாருக்குக் கிடைத்தது?

அந்தப் போரில் புரட்சித் தரப்புக்காக இரண்டு வகைப் படைகள் போரிட்டன. ஒன்று, ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் இருந்த காண்டினென்டல் ராணுவம். மூன்று ஆண்டுக்கோ போர் முடியும் வரைக்கோ கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள் அதன் முதுகெலும்பு. இன்னொன்று மிலிஷியா. ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும் சட்டப்படி அதில் உறுப்பினர்கள். வர்ஜீனியாவின் 1777 சட்டம் 16 முதல் 50 வயது வரை உள்ள சுதந்திர ஆண்களையும், கூலிக்கும் தொழில் பழகவும் இருந்தவர்களையும் அதில் சேர்த்தது. கூப்பிட்டால் இரண்டு மூன்று மாதம் போக வேண்டும், முடிந்ததும் வயலுக்குத் திரும்பலாம். இந்த வேறுபாட்டைப் பென்ஷன் சட்டங்கள் 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

1. 1776 ஆகஸ்ட் 26: போரில் கை கால் இழந்தவர்களுக்கும், உழைக்க முடியாதபடி ஊனமுற்றவர்களுக்கும் அரைச் சம்பளம் என்று புரட்சித் தரப்பின் பொதுச் சபையான காண்டினென்டல் காங்கிரஸ் தீர்மானித்தது. காயம்தான் இங்கே அடிப்படை.

2. 1780: போர் முடியும் வரை இருக்கும் அதிகாரிகளுக்கு வாழ்நாள் முழுவதும் அரைச் சம்பளம் என்று உறுதி தரப்பட்டது. 1783இல் அது ஐந்து ஆண்டு முழுச் சம்பளமாக மாற்றப்பட்டது. சாதாரணச் சிப்பாய்க்கு இதில் ஒன்றுமில்லை.

3. 1818 மார்ச் 18: காயம் இல்லாவிட்டாலும் பென்ஷன் உண்டு என்ற முதல் பெரிய சட்டம். ஆனால் காண்டினென்டல் ராணுவத்தில் ஒன்பது மாதமாவது இருந்திருக்க வேண்டும், வறுமையிலும் இருக்க வேண்டும். சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். மனுக்கள் வந்து குவிந்தன, 20,000க்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறினார்கள்.

4. 1820 மே 1: செலவைப் பார்த்து அரண்ட காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), பென்ஷன் வாங்குபவர்கள் எல்லோரும் சொத்துப் பட்டியல் தர வேண்டும் என்றது. பசு, பன்றி, இரும்புச் சட்டி, நாற்காலி வரைக்கும் எழுதிக் கொடுத்தார்கள். பலர் நீக்கப்பட்டார்கள். 1823இல் சட்டம் தளர்ந்ததும் அவர்களில் பலர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள்.

இதுவரை மிலிஷியாக்காரருக்குக் கதவு திறக்கவில்லை. 1806 முதல் அவர்களில் காயம்பட்டவர்களுக்கு ஊன ஓய்வூதியம் உண்டு, அவ்வளவுதான். எல்லைப்புறப் போர் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் டேனியல் பூன் 1820இல் இறந்தார். கோட்டை முற்றுகையில் நின்றவர், மகனைப் போரில் பறிகொடுத்தவர். 1818 சட்டத்தில் அவரைப் போன்ற மிலிஷியாக்காரர்களுக்கு இடமே இல்லை.

1832: கதவு திறந்தது

1832 ஜூன் 7 அன்று வந்த சட்டம்தான் இந்தக் கோப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம். காண்டினென்டல் ராணுவம், மாநிலப் படை, தன்னார்வலர், மிலிஷியா, கடற்படை என்று எல்லோரையும் அது உள்ளே விட்டது. வறுமையை நிரூபிக்கத் தேவையில்லை. மொத்தம் இரண்டு ஆண்டு சேவை செய்திருந்தால் அவரவர் பதவிக்குரிய முழுச் சம்பளம் வாழ்நாள் முழுவதும், உச்சவரம்பு ஒரு கேப்டனின் சம்பளம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் அதற்கேற்ற விகிதம். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை.

இந்தத் தாராளம் ஏன் அப்போது வந்தது? 1824-25இல், அந்தப் போரில் வாஷிங்டனோடு நின்ற பிரெஞ்சுத் தளபதி லாஃபயெத் அமெரிக்கா முழுக்கச் சுற்றிவந்தபோது பழைய வீரர்களை ஊர் ஊராக மேடையேற்றினார்கள். 1826 ஜூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நாளிலேயே, முன்னாள் ஜனாதிபதிகள் ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் இறந்தார்கள். அந்தத் தலைமுறை கண்ணெதிரே மறைகிறது என்ற உணர்ச்சி நாடெங்கும் இருந்தது. கூடவே கஜானாவும் நிறைந்திருந்தது. இறக்குமதி வரியில் பணம் கொட்டியது, நாட்டுக்கடன் தீரும் நிலையில் இருந்தது, 1835 தொடக்கத்தில் முழுக்கவும் தீர்ந்தது. உபரியைச் செலவிட வழி இருந்தால்தான் உயர்ந்த வரியை நியாயப்படுத்த முடியும். தென்மாநில எதிர்ப்பாளர்கள் இதைச் சொல்லியே பென்ஷனைத் தாக்கினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும், அரை நூற்றாண்டு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பணம் அதனால் நியாயமற்றதாகிவிடாது.

இந்தச் சட்டத்தின்கீழ் 33,000க்கும் மேற்பட்டோர் பென்ஷன் பெற்றார்கள்.

எல்லைப்புறம் எங்கே, அங்கே நடந்த போர் எப்படிப்பட்டது?

பாஸ்டன், சாரட்டோகா, யார்க்டவுன் என்று பாடப்புத்தகத்தில் வரும் போர் கிழக்குக் கரையில் நடந்தது. அப்பலாச்சியன் மலைகளுக்கு அந்தப் பக்கம், இன்றைய மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, கிழக்கு டென்னசி, மேற்குப் பென்சில்வேனியா பகுதிகளில் நடந்தது வேறு மாதிரியான போர். அங்கே குடியேறியவர்கள் ஷாவ்னி, டெலவேர், செரோக்கி முதலான பூர்வகுடி மக்களின் வேட்டைக்காடுகளிலும் வயல்களிலும் புகுந்தவர்கள். டெட்ராய்ட்டில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் பூர்வகுடிப் படைகளுக்கு ஆயுதமும் வெடிமருந்தும் கொடுத்தார்கள். தாக்குதல், பதில் தாக்குதல் என்று ஆண்டு முழுவதும் ஓடியது.

கோட்டை என்றால் கற்கோட்டை இல்லை. மரத்துண்டுகளை நட்டுச் சுவராக்கி உள்ளே குடிசைகள் போட்டிருப்பார்கள். வசந்தம் வந்ததும் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் மாடுகன்றோடு உள்ளே வந்துவிடும். இலையுதிர்ந்து பனி விழத் தொடங்கும் வரை அங்கேதான் வாசம். காலையில் பாதிப் பேர் மக்காச்சோளக் காட்டில் களை எடுப்பார்கள், மீதிப் பேர் துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள், மறுபடி முறை மாறும். துப்பாக்கி அவரவர் சொந்தத் துப்பாக்கி. சாப்பாடும் பெரும்பாலும் அவரவர் வீட்டுச் சாப்பாடு.

இதில் தனி இனம் வேவுக்காரர்கள். இரண்டிரண்டு பேராகக் கோட்டையிலிருந்து கிளம்பி, ஆற்றுத்துறைகளையும் மலைக்கணவாய்களையும் சுற்றி, எதிராளிகளின் காலடித்தடம் தெரிகிறதா என்று பார்த்துவருவார்கள். மூன்று நான்கு நாள் சுற்று. இரவில் தீ மூட்டமாட்டார்கள். தடம் கண்டால் ஓடிவந்து ஊரை எச்சரிக்க வேண்டும். ஒரு ஜோடி திரும்பினால் அடுத்த ஜோடி கிளம்பும். வசந்தம் முதல் நவம்பர் வரை இதுவே வேலை. வர்ஜீனியாவின் மேற்குக் கவுண்டிகளிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வந்த மனுக்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த வேவுப்பணிதான்.

மனு எப்படி எழுதப்பட்டது?

ராணுவ ஏடு இருந்தால் மனுதாரர் பெயரை அதில் தேடலாம். இல்லையென்றால் அவரேதான் பேச வேண்டும். 1832 சட்டத்துக்கான விதிமுறையில் போர்த்துறை இதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. மனுதாரர் தன் கவுண்டி நீதிமன்றத்தில், எல்லோர் முன்னிலையிலும், சத்தியம் செய்து தன் சேவையை விவரிக்க வேண்டும். எழுத்தர் எழுதிக்கொள்வார். நீதிமன்றம் ஏழு கேள்விகள் கேட்கும்:

1. எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள்?
2. வயதுக்கு ஏதாவது பதிவு உண்டா, இருந்தால் எங்கே?
3. படைக்குப் போனபோது எங்கே குடியிருந்தீர்கள், அதன்பின் எங்கெங்கே, இப்போது எங்கே?
4. கட்டாய அழைப்பா, தானாக முன்வந்தீர்களா, வேறொருவருக்குப் பதிலாகப் போனீர்களா? பதிலாக என்றால் யாருக்கு?
5. உங்களோடு இருந்த நிரந்தர ராணுவ அதிகாரிகள் யார், எந்தெந்த ரெஜிமென்ட்கள் நினைவில் உள்ளன, சேவை எப்படி நடந்தது?
6. விடுவிப்புச் சீட்டு வாங்கினீர்களா, யார் கொடுத்தது, அது என்ன ஆயிற்று?
7. உங்கள் நேர்மைக்கும் சேவைக்கும் சாட்சி சொல்லக்கூடிய அக்கம்பக்கத்தவர் யார்?

இதோடு ஒரு மதகுருவும் ஊரில் மதிப்புள்ள ஒருவரும் சான்று தர வேண்டும்.

70, 75 வயது மனிதர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டு 50 ஆண்டுக்கு முந்தைய மாதங்களை எண்ணுவதை நினைத்துப் பாருங்கள். பலருக்கு எழுதப்படிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், அதன் இருபுறமும் எழுத்தர் பெயரை எழுதியிருப்பார். மாதத்தின் பெயர் நினைவில் இருக்காது, “சோளம் நட்ட நேரம்” என்றோ “பர்கோயின் பிடிபட்ட வருஷம்” என்றோ சொல்வார்கள். பிரிட்டிஷ் தளபதி பர்கோயின் சரணடைந்தது 1777 அக்டோபரில் என்பதால் எழுத்தரால் ஆண்டைப் போட முடியும். 1779-80இன் கடும் பனிக்காலமும் இப்படி ஒரு மைல்கல். முதுமையால் நினைவு தளர்ந்துவிட்டதால் சேவைக்காலத்தைத் துல்லியமாகச் சத்தியம் செய்ய முடியவில்லை, ஆனால் தன் நினைவுக்கு எட்டியவரை இத்தனை மாதத்துக்குக் குறையாது என்ற வாசகம் ஆயிரக்கணக்கான மனுக்களில் அப்படியே வருகிறது. விதிமுறையே தந்த வாசகம் அது. அதை வைத்து மனுதாரர் மழுப்புகிறார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எல்லைப்புற மனு சிக்கிய இடங்கள்

*1. காகிதமே இல்லை.* வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் 1800 நவம்பரில் தீப்பற்றி எரிந்தது. 1814 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் படை தலைநகரைக் கொளுத்தியது. வர்ஜீனியாவின் பதிவுகள் பலவும் 1781 ஜனவரியில், பிரிட்டிஷ் பக்கம் மாறிய பெனடிக்ட் ஆர்னால்டு அதன் தலைநகர் ரிச்மண்டைத் தாக்கியபோது அழிந்தன. எல்லைப்புற மிலிஷியாவின் பெயர்ப்பட்டியலோ பெரும்பாலும் கேப்டனின் சட்டைப்பையைத் தாண்டிப் போனதே இல்லை. கேப்டன் செத்தால் பட்டியலும் போச்சு.

இருந்த காகிதமும் உதவாமல் போனதற்கு ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க்கின் கதை சாட்சி. பிரிட்டிஷார் வசம் இருந்த மேற்கு ஊர்களான காஸ்காஸ்கியாவை 1778இலும் வின்சென்ஸை 1779 பிப்ரவரியிலும் பிடித்த வர்ஜீனியாவின் தளபதி அவர். படைக்குச் சாமான் வாங்கியதற்குத் தானே பொறுப்பேற்றார். கணக்கையும் ரசீதுகளையும் ரிச்மண்டுக்கு அனுப்பினார். அவை கிடைக்கவில்லை என்று சொல்லி வர்ஜீனியா கடனைத் தீர்க்கவில்லை. கடன்காரர்கள் அவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1812இல் ஆண்டுக்கு 400 டாலர் பென்ஷனும் ஒரு வாளும் கொடுத்தது மாநிலம். 1818இல் அவர் இறந்தார். அந்த ரசீதுகள் 1913இல் ரிச்மண்டிலேயே கட்டுக்கட்டாகக் கண்டெடுக்கப்பட்டன. தளபதிக்கே இந்தக் கதி என்றால் அவர் கீழிருந்த சிப்பாயின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*2. கேள்வியே பொருந்தவில்லை.* ஐந்தாவது கேள்வியை மறுபடி பாருங்கள். நிரந்தர ராணுவ அதிகாரிகளின் பெயர் கேட்கிறது. கிழக்கே போரிட்ட மிலிஷியாக்காரர் கிரீன், மோர்கன் என்று காண்டினென்டல் ராணுவத் தளபதிகளின் பெயரைச் சொல்லிவிடுவார். மனோங்கஹேலா ஆற்றங்கரைக் கோட்டையில் நிரந்தர ராணுவ அதிகாரி எங்கிருந்து வருவார்? “நான் இருந்த இடத்தில் அப்படி யாரும் இல்லை” என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் பென்ஷன் அலுவலகம் மனுவைச் சரிபார்க்க வைத்திருந்த முக்கிய வழியே இந்தப் பெயர்கள்தான். இந்தக் கர்னல் அந்த ஆண்டு அந்த இடத்தில் இருந்தாரா என்று மற்ற மனுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னவரிடம் ஒப்பிட ஒன்றுமில்லாமல் போனது.

*3. ‘திரட்டப்பட்ட படை’ என்ற சோதனை.* பெரும்பாலான எல்லைப்புற மனுக்கள் விழுந்தது இங்கேதான். ஜேம்ஸ் எல். எட்வர்ட்ஸ் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய பென்ஷன் அலுவலகம் மூன்று நிபந்தனைகள் கேட்டது. ஒன்று, தகுதியுள்ள அதிகாரம் கூப்பிட்டுத் திரட்டிய படையோடு சேவை செய்திருக்க வேண்டும். இரண்டு, போர்க்களத்திலோ காவற்கோட்டையிலோ இருந்திருக்க வேண்டும். மூன்று, அந்தக் காலத்தில் சொந்தத் தொழில் எதுவும் பார்த்திருக்கக் கூடாது.

காலையில் களைவெட்டி, மதியம் காவல் நின்றவர் மூன்றாவதில் தவறிவிடுவார். எதிராளி வருகிறான் என்ற கூவலைக் கேட்டுக் குடும்பத்தோடு கோட்டைக்குள் ஓடி அங்கிருந்து சுட்டவரை முதலாவதில் தட்டிவிடுவார்கள். யார் உங்களைக் கூப்பிட்டது, ஆணை எங்கே? இரண்டே பேராகக் காட்டில் திரிந்த வேவுக்காரர்களைத் ‘திரட்டப்பட்ட படை’ என்று எப்படிச் சொல்வது?

நிபந்தனையில் தர்க்கம் இல்லாமல் இல்லை. தன் வீட்டைத் தானே காத்துக்கொண்ட எல்லோருக்கும் பென்ஷன் என்றால் எல்லைப்புறத்தில் ஒருவர் பாக்கி இருக்கமாட்டார். ஆனால் அந்தக் கோட்டை வரிசை விழுந்தால் அடுத்தது மலைக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் என்பது அன்றைய வர்ஜீனியா அரசுக்கும் தெரியும். அதனால்தான் கவுண்டி அதிகாரிகள் வேவுக்காரர்களை நியமித்தார்கள். நியமித்தபோது எழுதிவைக்காததற்கு 50 ஆண்டு கழித்துத் தண்டனை அனுபவித்தவர் சிப்பாய். இதுதான் இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய அநீதியாக எனக்குப் படுகிறது.

வடக்கே ஓஹையோ ஆற்றைக் கடந்து ஷாவ்னி ஊர்களைக் கொளுத்தப் போன படையெடுப்புகள் சேவையாக எண்ணப்பட்டதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1780 ஆகஸ்ட்டில் கிளார்க்கோடு போனவருக்குத் தளபதி பெயர், தேதி, வழித்தடம் எல்லாம் இருந்தன. பிறர் ஊரை எரித்த சில வாரங்களை எளிதாக நிரூபிக்க முடிந்தது. சொந்த ஊரைக் காத்த ஐந்து கோடைகளை நிரூபிக்க முடியவில்லை.

*4. நாட்காட்டி.* எல்லைப்புறத்தில் சண்டை 1775இல் தொடங்கவுமில்லை, 1783இல் முடியவுமில்லை. பாயின்ட் பிளெசன்ட் சண்டை 1774 அக்டோபர் 10, அது விடுதலைப் போருக்கு முந்தியது என்று ஒதுக்கப்பட்டது. யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் 1781 அக்டோபரில் சரணடைந்து பத்து மாதம் கழித்து, 1782 ஆகஸ்ட் 19 அன்று, கென்டக்கியின் புளூ லிக்ஸ் சண்டையில் சில நிமிடங்களில் சுமார் 70 மிலிஷியாக்காரர்கள் இறந்தார்கள். அது கணக்கில் வந்தது. 1783 பாரிஸ் சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகும் 1794 ஃபாலன் டிம்பர்ஸ் போர் வரை சண்டை நீண்டது. 1784 முதல் செய்தது எதுவும் விடுதலைப் போர்ச் சேவை இல்லை. காட்டில் நின்ற வேவுக்காரருக்குப் பாரிஸில் கையெழுத்தான காகிதத்தால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே கோட்டை, அதே கணவாய், அதே எதிராளி. கிழவயதில் 1782ஐயும் 1786ஐயும் குழப்பிச் சொன்னவரைப் பொய்யர் என்று எழுதிவிட்டார்கள்.

மோசடியும் விசாரணையும்

மோசடி இல்லாமல் இல்லை. வேவுப்பணி வசந்தம் முதல் நவம்பர் வரை ஏழெட்டு மாதம் என்பதால், மூன்று ஆண்டு அப்படி இருந்தேன் என்று சொன்னாலே இரண்டாண்டு முழுப் பென்ஷன் வந்துவிடும். மனு எழுதித் தரும் முகவர்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள். கிடைக்கும் நிலுவையில் பெரும் பங்கு அவர்களுக்கு. அதனால் மாதங்களைக் கூட்டிச் சொல்லவைப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது. ஒரே வாசகம், ஒரே ஆண்டுகள், ஒரே கேப்டன் என்று ஒரே ஊரிலிருந்து மனுக்கள் வந்தபோது வாஷிங்டனுக்குச் சந்தேகம் வந்தது.

1834-35இல் வர்ஜீனியாவின் மேற்கு நீதி மாவட்டத்துக்கான அரசு வழக்கறிஞர் வாஷிங்டன் ஜி. சிங்கிள்டன், லூயிஸ் கவுண்டியிலும் சுற்றியுள்ள கவுண்டிகளிலும் பென்ஷன்காரர்களை நேரில் கூப்பிட்டு விசாரித்தார். போர்க்காலத்தில் சின்னப் பையன்களாக இருந்தவர்களும், 1783க்குப் பிறகு செய்த காவலை முன்னே தள்ளியவர்களும் அகப்பட்டார்கள். ஆனால் அவருடைய அளவுகோல் கடுமை. வேவுப்பணியை விவரித்த பலரையும் அவர் சேர்த்துத் தள்ளினார். பலருக்குப் பென்ஷன் நிறுத்தப்பட்டது. சிலர் புதிய சாட்சிகளைச் சேர்த்து மனுவைத் திரும்பக் கொண்டுபோனார்கள். இந்த விசாரணைக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். முதல் மனுவில் முகவரின் அலங்கார வாசகம் இருக்கும், சிங்கிள்டனிடம் சொன்னதில் அந்த மனிதரின் சொந்தப் பேச்சு இருக்கும். சேவைக்காலம் சுருங்கியிருக்கும். ஆனால் கோட்டையின் பெயர், செத்தவர்களின் பெயர், எந்த வயலில் யார் விழுந்தார் என்பதெல்லாம் தெளிவாக வரும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நம்பத்தக்க வரலாறு.

பணம் எவ்வளவு?

காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் மாதத்துக்கு ஆறே முக்கால் டாலருக்குச் சற்றுக் குறைவு, ஆண்டுக்கு 80 டாலர். இரண்டு ஆண்டு சேவைக்கு இந்த 80 முழுதாகக் கிடைக்கும். மூன்று மாதம் வீதம் மூன்று முறை போனவர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒன்பது மாதம். 24இல் 9 பங்கு, அதாவது ஆண்டுக்கு 30 டாலர். மார்ச்சிலும் செப்டம்பரிலும் 15, 15ஆகத் தருவார்கள். சட்டம் 1831 மார்ச் 4 முதல் கணக்கிட்டதால் நிலுவையும் உண்டு. 1833 செப்டம்பரில் மனு ஏற்கப்பட்டிருந்தால் முதல் தடவையிலேயே 75 டாலர் கையில் வரும்.

ஆறு மாத வரம்பு எவ்வளவு கூர்மையானது என்பது இந்தக் கணக்கில் தெரியும். சரியாக ஆறு மாதம் என்று அலுவலகம் ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கு 20 டாலர். ஐந்தரை மாதம்தான் நிரூபணமானது என்றால் சுழியம்.

விதவைகளின் வழக்கு

1836 ஜூலை 4 சட்டம், வீரரின் கடைசிச் சேவைக்கு முன்பே திருமணம் செய்திருந்த விதவைகளுக்கு அவருடைய பென்ஷனைத் தந்தது. 1838இல் திருமணத்துக்கான அந்தக் கெடு 1794 வரையும், 1848இல் 1800 வரையும் நகர்ந்தது. 1853இல் தேதி நிபந்தனையே போனது. எல்லைப்புறத்தில் பாதிரியார் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் அதிகம், திருமண உரிமப் பதிவு பல இடங்களில் இல்லை. பிறகு திருமணத் தேதியை எப்படி நிரூபிப்பது? குடும்ப பைபிளின் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிவைக்கும் தாளை அப்படியே கிழித்து அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்றும் கோப்புகளில் இருக்கின்றன. ஓரத்தில் பிய்ந்த தையல் நூலோடு, ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வேறு வேறு மையில். குடும்பத்தின் ஒரே பதிவைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்கள் விடைக்காகக் காத்திருந்தார்கள். கடைசி விதவை பென்ஷன்காரர் வெர்மான்ட்டில் 1906இல் இறந்தார், போர் முடிந்து 123 ஆண்டுகளுக்குப் பிறகு.

மனுவில் பேசாதவர்கள்

இந்த மனுக்களில் ‘எதிராளி’ என்று வருபவர்கள் தங்கள் மண்ணைக் காத்தவர்கள். 1777 நவம்பரில் ஃபோர்ட் ராண்டால்ஃபுக்குப் பேச வந்த ஷாவ்னித் தலைவர் கார்ன்ஸ்டாக்கை அங்கே இருந்த மிலிஷியாக்காரர்களே கொன்றார்கள். 1782 மார்ச் 8 அன்று க்னாடன்ஹுட்டனில் ஆயுதமில்லாத 96 கிறிஸ்தவ டெலவேர் மக்களைப் பென்சில்வேனியா மிலிஷியா அடித்துக் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். 1783 பாரிஸ் ஒப்பந்தம் ஓஹையோ நிலத்தை அமெரிக்காவிடம் கொடுத்தபோது அங்கே வாழ்ந்த மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லைப்புற வீரருக்கு நேர்ந்த அநீதியைப் பேசுகிறவர் இதையும் சேர்த்தே பேச வேண்டும். அவர் காவல் நின்ற சுவருக்கு வெளியே இருந்தவர்களுக்கு மனுப்போட நீதிமன்றமே இல்லை.

கோப்பைத் திறப்பவர் கவனிக்க வேண்டியவை

1. கோப்பு எண்ணின் முன் உள்ள எழுத்தைப் பாருங்கள். எஸ் என்றால் உயிரோடு இருந்த வீரரின் மனு ஏற்கப்பட்டது. டபிள்யூ என்றால் விதவையின் மனு ஏற்கப்பட்டது. ஆர் என்றால் நிராகரிப்பு.

2. ஆர் என்றிருந்தால் காரணத்தைத் தேடுங்கள். ஆறு மாதம் இல்லை, திரட்டப்பட்ட படை இல்லை, கூடுதல் ஆதாரம் வேண்டும், தப்பியோடியவர் என்று காரணங்கள் பலவகை. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை எதுவும் அவர் போரிடவில்லை என்று சொல்வதில்லை. நிராகரித்த, நிறுத்திவைத்த மனுக்களின் பட்டியல் ஒன்று காரணங்களோடு 1852இல் காங்கிரஸுக்குத் தரப்பட்டு அச்சாகியிருக்கிறது.

3. திருத்திய மனு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மனு திருப்பி அனுப்பப்பட்ட பிறகு எழுதியதில் “அந்தக் காலத்தில் வேறு தொழில் எதுவும் செய்யவில்லை” என்ற வரி திடீரென முளைத்திருக்கும். அது அலுவலகம் கேட்டு எழுதவைத்த வரி. அதை எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

4. ஆர் கோப்பிலேயே நில ஒதுக்கீட்டுச் சீட்டும் இருக்கலாம். 1855 மார்ச் 3 சட்டம் 14 நாள் சேவைக்கே 160 ஏக்கர் தந்தது. ஆறு மாதம் நிரூபிக்க முடியாமல் தோற்ற வீரரின் விதவை, அதே சாட்சியங்களை வைத்து நிலம் வாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் 1832இல் கேள்விக்குள்ளான அந்தச் சேவையை 1855இல் அதே அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள்.